ரேடியோவுக்கு உதடு கிடையாது

நவம்பர் 8, சனி

மகள் கோதை புவனேஸ்வரில் ஒரு வங்கியில் வேலை பார்க்கிறாள். போன வாரம் போனில், "ரிட்டயர் ஆகிட்டீங்க, சும்மா இருந்தா அம்மாகூட சண்டைதான் போடுவீங்க. டைரி எழுதுங்கப்பா" என்றாள். சரியென்று இன்றிலிருந்து சண்டையும் போட்டு, டைரியும் எழுதுகிறேன்.

நான் சங்கரநயினார். ஊர் ராஜபாளையம். படிப்பு ஐ.டி.ஐ. ஃபிட்டர். முப்பது வருஷத்துக்கு மேல் ஸ்பின்னிங் மில்லில் ரிங் பிரேம் பகுதியில் இருந்தேன். அதுபோக அமெச்சூர் ரேடியோ லைசென்ஸ் ஒன்று வைத்திருக்கிறேன். மூன்றாவது தடவையில் பாஸ் செய்தேன். பரீட்சை வைத்தவருக்கு என் முகம் பழகிவிட்டது. மாடி அறையில் செட்டு, மொட்டைமாடியில் ஒரு கம்பி. அதை வைத்துக்கொண்டு உலகத்தின் மூலையில் இருப்பவனைக் கூப்பிட்டு, "கேட்கிறதா?" என்று கேட்பேன். "கேட்கிறது" என்பான். அவ்வளவுதான் பேச்சு. "இதுக்கா இம்புட்டுச் செலவு?" என்பாள் என் வீட்டுக்காரி உலகம்மாள்.

இப்போது விஷயம். அண்டார்ட்டிகாவுக்குப் போகிற வழியில் ஒரு தீவு. மனுஷர் கிடையாது, பென்குயின்தான். ஒரு குழு கப்பலில் போய்க் கூடாரம் அடித்து இரண்டு வாரம் ரேடியோ போடப் போகிறது. தீவின் பெயரை எழுத மாட்டேன், கண்ணு பட்டுவிடும். இப்படி யாராவது அங்கே போய் இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. அடுத்த தடவை போகும்போது நான் சுவரில் மாலை போட்ட போட்டோவில் இருப்பேன். ஆகவே இந்தத் தடவை விடக் கூடாது.

நவம்பர் 9, ஞாயிறு

கம்பியை இறக்கித் துடைத்து ஏற்றினேன். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து மைதீன் வந்தான். ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடை வைத்திருக்கிறான். என்னைவிட இருபது வயது சின்னவன், அவனும் லைசென்ஸ்காரன்.

"அண்ணாச்சி, கம்பி போதும், பவர் போதும். அவன் எப்ப, எந்த இடத்துல பேசுறான்னு தெரியணும்ல? அதுக்கு ஸ்பாட் பாக்கணும்" என்றான்.

ஸ்பாட் என்றால் வேறொன்றுமில்லை. ஒருவன் ஒரு நிலையத்தைக் கேட்டதும், "இன்னார், இந்த அலைவரிசையில், இத்தனை மணிக்கு" என்று இணையத்தில் போடுவான். உலகமே அதைப் பார்த்து அங்கே ஓடும். சந்தையில் மீன் வந்திருக்கிறது என்று ஒருத்தி தெருவில் சொல்லிவிட்டுப் போவது மாதிரி. இதைக் காட்டுவதற்கு ஏகப்பட்ட தளங்கள் இருக்கின்றனவாம். எதை வைத்துக்கொள்வது என்று நான்தான் முடிவு செய்ய வேண்டும்.

சாயங்காலம் கோதை போன் செய்தாள். பிள்ளை குரல் ரொம்ப இறங்கிப்போய்விட்டது. வாய்க்குள்ளேயே பேசுகிறாள். அங்கே ஏதோ மனக்கஷ்டம் போல. உலகம்மாளிடம் சொன்னேன். என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கா" என்றாள்.

நவம்பர் 11, செவ்வாய்

எதிர்வீட்டு நாய் ரொம்பச் சாதுவாகிவிட்டது. குரைப்பதே இல்லை. பாவம், வயசாகிவிட்டது.

நவம்பர் 13, வியாழன்

மூன்று தளங்களைப் பார்த்துவிட்டேன். பட்டப்பெயரும் வைத்தாயிற்று.

முதலாவது கறுப்புப் பலகை. கறுப்புத் திரையில் வரி வரியாக ஓடிக்கொண்டே இருக்கும். மில்லில் நூல் ஓடுகிற வேகம். ஒரு வரியைப் படித்து முடிப்பதற்குள் பத்து வரி போய்விடும்.

இரண்டாவது சிலந்திவலை. உலகப் படம், அதில் யார் யாரைக் கேட்டார்கள் என்று கோடு கோடாக இழுத்திருக்கும். பார்க்க அழகு. ஒரு மணி நேரம் பார்த்தேன். ஒருத்தரையும் பிடிக்கவில்லை.

மூன்றாவது மணியடிப்பான். போனில் போட்டுவைக்க வேண்டியது. நாம் கேட்ட நிலையம் வந்ததும் மணி அடிக்குமாம். சோம்பேறிக்கு ஏற்றது, எனக்கென்றே செய்ததுபோல் இருக்கிறது.

நவம்பர் 16, ஞாயிறு

மணியடிப்பான் சரியில்லை. தீவு வரும்வரை சோதனைக்கு வேறு நிலையங்களைப் போட்டுவைத்தேன். அடிப்பதே இல்லை. உலகம்மாள் மாடிப்படியில் ஏறி வந்து, "ஏங்க, போன் கெடந்து கத்துது, பக்கத்துல உக்காந்துகிட்டு என்ன பண்றீங்க?" என்றாள். எடுத்துப் பார்த்தால் நிற்கிறது. அவள் வரும்போது மட்டும் அடித்து, நான் எடுக்கும்போது நின்றுவிடுகிற போனை என்ன செய்ய? மைதீனிடம் சொன்னேன். "சவுண்டு கூட்டி வையுங்க அண்ணாச்சி" என்றான். கூட்டித்தான் இருக்கிறது.

மழை நல்ல மழை. ஆனால் இந்த வருஷம் சில்வண்டுச் சத்தமே இல்லை. வயலுக்கு அடிக்கிற மருந்தில் எல்லாம் செத்துப்போயிருக்கும்.

நவம்பர் 19, புதன்

தீவு வந்துவிட்டது! கறுப்புப் பலகை முழுக்க அவர்கள் பெயர்தான். ஓடிப்போய் செட்டைப் போட்டேன். சொன்ன இடத்தில் 'ஊ ஆ' என்று ஒரு முணுமுணுப்பு. அவனா, வேறு யாரோவா தெரியவில்லை. பெயர் பிடிபடாமல் கூப்பிடக் கூடாது. அது எங்கள் ஆட்களிடம் மரியாதை.

மேற்கே மலை நிற்கிறதே, அது மறைக்கிறது என்று நினைக்கிறேன்.

நவம்பர் 20, வியாழன்

மலை காரணமில்லை, தீவு தெற்கில் இருக்கிறது. மைதீன் சொல்லித்தான் தெரிந்தது. படத்தைத் திருப்பி வைத்துப் பார்த்திருக்கிறேன்.

அவன் இன்னொன்றும் சொன்னான். "எவன் பேசுறான்னு பாக்காதீங்க அண்ணாச்சி, எவன் கேட்டான்னு பாருங்க. ஜெர்மனிக்காரனுக்குக் கேட்டா நமக்கென்ன? கொழும்புல ஒருத்தருக்குக் கேட்டுச்சுன்னா நமக்கும் கேக்கும்." அதற்கேற்ற மாதிரி தளத்தில் வடிகட்டி ஒன்று வைத்துக் கொடுத்தான். இப்போது கறுப்புப் பலகையில் கொழும்பு, கேரளம், நம் பக்கத்து ஆட்கள் போடுவது மட்டும்தான் வரும். வெள்ளம் வடிந்து வாய்க்கால் தெரிந்தது. கொழும்பில் விஜேதுங்க என்று ஒருவர், விடாமல் போடுகிறார். நல்ல மனுஷர்.

நவம்பர் 22, சனி

நல்ல மனுஷர் என்று எழுதியதை அடிக்கலாமா என்று யோசிக்கிறேன். பொழுது சாயும் நேரம் விஜேதுங்க போடுகிறார்: "மிகப் பலமாகக் கேட்கிறது." அதே இடம், அதே நிமிஷம், நான் காதில் ஹெட்போனை அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். முணுமுணுப்புதான். நேற்றும் அப்படி, முந்தாநாளும் அப்படி.

கோபம் வந்துவிட்டது. தளத்தில் நாமும் எழுதலாம். எழுதினேன். "இங்கே ஒன்றுமே கேட்கவில்லை. பொய் ஸ்பாட். தயவுசெய்து நிறுத்தவும்." என் இங்கிலீஷில் எழுதியதால் இன்னும் கொஞ்சம் மோசமாகவே வந்திருக்கும். உலகம் முழுக்கப் பார்த்தது.

நவம்பர் 23, ஞாயிறு

விஜேதுங்கவிடமிருந்து மெயில். திட்டியிருப்பார் என்று திறந்தேன். திட்டவில்லை. "அன்புள்ள நண்பரே, உங்களுக்கு உதவுமென்றால், நேற்று நான் கேட்டதைப் பதிவு செய்து அனுப்பியிருக்கிறேன்" என்று எழுதி, ஒலியையும் சேர்த்திருந்தார்.

ஸ்பீக்கரில் போட்டேன். 'ஊ ஆ'. கூட்டிப் போட்டேன். பலமான 'ஊ ஆ'. திரும்பத் திரும்பப் போட்டேன். பொய்யர் மட்டுமில்லை, கிண்டல்காரரும்கூட என்று நினைத்துக்கொண்டேன்.

உலகம்மாள் மழைக்குத் துணி எடுக்க மொட்டைமாடிக்குப் போகிறவள், கதவில் நின்று என் தோளைத் தட்டினாள்.

"ஏங்க, அந்த மனுசன் எத்தன தடவதான் சொல்லுவான்? 'ஃபைவ் நைன், தேங்க்யூ, தேங்க்யூ'ன்னு. எனக்கே மனப்பாடம் ஆயிருச்சு."

"என்ன சொன்ன?"

"நான் எங்க சொன்னேன்? அவன் சொல்றான். ஃபைவ் நைன்னுட்டு. பெறகு 'டெல்டா'ன்னு யாரையோ கூப்புடுறான். சுத்தமா கேக்குதே."

இருபத்தைந்து வருஷமாக அடுப்படியில் இருந்துகொண்டே என் ரேடியோவைக் கேட்டவள். ஃபைவ் நைன் என்றால் கணீரென்று கேட்கிறது என்று அர்த்தம், அது அவளுக்குத் தெரியும். 'டி' என்ற எழுத்துக்கு டெல்டா, 'ஓ'வுக்கு ஆஸ்கர் என்று நாங்கள் சொல்வதெல்லாம் அவளுக்கு அண்டை வீட்டார் பெயர் மாதிரி.

ஸ்பீக்கரை அணைத்தேன். சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றேன்.

"ஏதாவது பேசு" என்றேன்.

கொஞ்ச நேரம் நின்றேன். "பேசேன், ஏன் நிக்கிற?" என்று திரும்பினேன்.

அவள் கையில் துணிக்கூடையோடு நின்றாள். "பேசி முடிச்சிட்டேங்க" என்றாள்.

நவம்பர் 24, திங்கள்

எழுத ஒன்றுமில்லை. மழை.

நவம்பர் 26, புதன்

நேற்று மதுரைக்குப் போய் வந்தோம். காது பார்க்கிற பெண், கோதை வயசுதான் இருக்கும். என்னை ஒரு கண்ணாடிக் கூண்டில் உட்கார வைத்து, சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்தச் சொன்னாள். நான் ரேடியோக்காரன் ஆயிற்றே, பொத்தான் அழுத்துவதில் குறை வைக்கவில்லை. கேட்காத சத்தத்துக்கும் இரண்டு தடவை அழுத்தினேன். கண்டுபிடித்துவிட்டாள்.

பிறகு ஒரு கோட்டுப்படம் காட்டினாள். இடது பக்கம் மேட்டில் போய், வலது பக்கம் சிறுபிள்ளை விளையாடுகிற சறுக்குமரம் மாதிரி இறங்குகிறது.

"மில்லுல இருந்தீங்களா ஐயா? மெல்லிசான சத்தம்தான் முதல்ல போகும். குரல் கேக்கும், வார்த்தை பிரியாது."

"எத்தனை நாளா இப்படி?"

"நாளா இல்ல, வருஷமா. வீட்ல யாருமே கவனிக்கலயா?"

உலகம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள். பஸ்ஸில்தான் சொன்னாள். அவளுக்கும் கோதைக்கும் ரொம்ப நாளாகத் தெரியுமாம். "மூஞ்சியப் பாத்துப் பேசுனா டக்குனு பதில் சொல்லுவீங்க. முதுகக் காட்டிட்டீங்கன்னா ஒண்ணும் கேக்காது. சொன்னா மனசு விட்டுப்போயிருவீங்கன்னு கோததான் சொல்ல வேண்டாம்னா."

அப்போதுதான் புரிந்தது. உலகம்மாளும் அதே மில்லில் ரீலிங் பகுதியில் இருந்தவள். அந்த இரைச்சலில் யாரும் குரலால் பேசுவதில்லை. உதட்டை அசைப்போம், கையைக் காட்டுவோம். பத்து மெஷினுக்கு அந்தப் பக்கம் நிற்கிற ஆளிடம் வீட்டு விசேஷம் முழுதும் பேசி முடிப்போம். நான் அவளிடம், "உன் அண்ணங்கிட்ட வந்து கேக்கட்டுமா?" என்று கேட்டதுகூட உதட்டாலேதான். அவளும் உதட்டாலேதான், "சட்டையாவது மாத்திட்டு வாங்க" என்றாள். ஆக, இத்தனை வருஷம் எல்லோர் உதட்டையும் படித்துக் காலத்தை ஓட்டியிருக்கிறேன். ரேடியோவுக்கு உதடு கிடையாது. அகப்பட்டுக்கொண்டேன்.

தளம் சரியில்லை, மணி சரியில்லை, மலை மறைக்கிறது, கொழும்புக்காரர் பொய்யர். என்னைத் தவிர எல்லோரையும் குற்றம் சொல்லியாயிற்று. நாயைக்கூட விடவில்லை.

காதுக்கருவி வர இரண்டு வாரம் ஆகும். அதற்குள் தீவுக்காரர்கள் கப்பல் ஏறிவிடுவார்கள்.

நவம்பர் 28, வெள்ளி

விஜேதுங்கவுக்கு எழுதினேன். உங்கள் ஸ்பாட் பொய்யில்லை, என் காதுதான் பொய், மன்னிக்கவும் என்று. நான் திட்டிய அதே தளத்திலும் எல்லோரும் பார்க்க எழுதினேன். திட்டும்போது மட்டும் ஊரைக் கூட்டிவிட்டு மன்னிப்பைக் காதோடு சொல்வது நியாயமில்லை. அதிலும் இந்தக் காதோடு.

ஒரு மணி நேரத்தில் பதில் வந்தது. "நண்பரே, எனக்கு எழுபத்து நாலு வயது. என் இரண்டு காதிலும் கருவி இருக்கிறது. அது வருவதற்கு முன்பு நான் மூன்று ஆண்டெனாக்களை மாற்றினேன், ஒரு நல்ல ரேடியோவை விற்றேன். நீங்கள் ஒரு மெயிலோடு தப்பித்தீர்கள்."

வாய்விட்டுச் சிரித்தேன். இந்த ஆளையா பொய்யர் என்றேன்! தீவுக்காரர்கள் கிளம்பும்வரை தினமும் மாலை எனக்காகவே கேட்டு ஸ்பாட் போடுவதாகவும் எழுதியிருக்கிறார்.

நவம்பர் 30, ஞாயிறு

கோதையிடம் முகம் பார்த்துப் பேசினேன், வீடியோவில்.

"ஏம்மா, உனக்கு அங்க ஒண்ணும் மனக்கஷ்டம் இல்லையே? குரல் எறங்கியே கெடக்குன்னு நெனச்சேன்."

"எறங்கியா? அப்பா, ரெண்டு வருஷமா நான் உங்ககிட்ட கத்திக்கிட்டு இருக்கேன். எங்க ஹாஸ்டல்ல நம்ம வீட்டு சமாச்சாரம் பூரா எல்லாருக்கும் தெரியும். ஒரு ஒரியாப் பொண்ணு, 'ஒங்கப்பா கம்பி ஏத்திட்டாரா?'ன்னு தமிழ்லயே கேக்குறா."

பிள்ளைக்கு மனக்கஷ்டம் எதுவும் இல்லை. அது போதும். தீவு கிடைக்காவிட்டாலும் போகிறது என்று எழுதப் பார்த்தேன். பொய் எழுதக் கூடாது. தீவு வேண்டும்.

டிசம்பர் 1, திங்கள்

யோசனை உலகம்மாளுடையது. காலையில் தோசைக்கரண்டியோடு வந்து நின்று சொன்னாள்: "எனக்குத்தான் கேக்குதே. நான் கேட்டுச் சொல்றேன், நீங்க பேசுங்க."

"மைக்குல உன் குரல் போகக் கூடாது. லைசென்ஸ் எனக்குத்தான்."

அவள் குரலே இல்லாமல், உதட்டை மட்டும் அசைத்தாள்: "அப்ப, இப்படிச் சொல்றேன்."

தோசை கருகியது. அது எனக்கு வாசனையில் தெரிந்தது.

டிசம்பர் 2, செவ்வாய்

மணியடிப்பானை அவள் போனில் போட்டுவிட்டேன். மாவு ஆட்டிக்கொண்டிருந்தவள், "பென்குயின் வந்துருச்சு!" என்று ஈரக்கையோடு ஓடிவந்தாள். என்னிடம் இத்தனை நாள் அடிக்காத மணி அவளிடம் ஒரே நாளில் அடித்துவிட்டது.

ஹெட்போன் அவள் தலையில், மைக் என் கையில், எதிரெதிரே உட்கார்ந்தோம். நான் கூப்பிட்டேன். அவள் முகம் சுளித்து உதட்டை அசைத்தாள்: "ஒருத்தன் 'அப், அப்'னு கத்துறான். உங்களையா?"

என்னைத்தான். தீவுக்காரன் ஓரிடத்தில் பேசி, கொஞ்சம் மேலே தள்ளித்தான் கேட்பான். எல்லோரும் அங்கே போய்க் கூப்பிட வேண்டும். நான் செட்டில் அப்படி மேலே தள்ளிவிடுகிற பொத்தானை அழுத்த மறந்து, அவன் பேசுகிற இடத்திலேயே நின்று கூவியிருக்கிறேன். கல்யாண வீட்டில் தாலி கட்டுகிற நேரம் மணமேடையில் ஏறி நின்று பாயசம் கேட்ட மாதிரி. உலகமே வைதிருக்கிறது.

"இன்னும் என்ன சொல்றாங்க?" என்று கேட்டேன்.

"அது வேணாம்" என்றது உதடு.

அதற்குள் அவன் குரல் அமுங்கிவிட்டது. நாளை கடைசி நாள். நாளை மறுநாள் காலை கூடாரத்தைப் பிரிக்கிறார்களாம், கடல் மோசமாகிறதாம்.

டிசம்பர் 3, புதன், திருக்கார்த்திகை

தீவு எங்களுக்குக் கேட்பது பொழுது அடையும் நேரத்தில் அரை மணி நேரம்தான். இன்று பார்த்துக் கார்த்திகை. விளக்கேற்ற வேண்டியதும் அதே நேரம்.

ஆறு மணிக்கு மணி அடித்துவிட்டது. விஜேதுங்க போட்டிருக்கிறார்: "பலமாக வருகிறான், ராஜபாளையம் நண்பரே, ஓடுங்கள்!" உலக ஸ்பாட் தளத்தில் எங்கள் ஊர்ப் பெயர். உலகம்மாள் அகல் விளக்குத் தட்டோடு மொட்டைமாடியில் நிற்கிறாள்.

"வாயேன்!"

"வெளக்கேத்தாம உங்க பென்குயினுக்கு வர மாட்டேன்."

காற்று. ஒன்றை ஏற்றினால் ஒன்று அணைகிறது. நானும் உட்கார்ந்து ஏற்றினேன். கைப்பிடிச் சுவர் நெடுகக் கையைக் குவித்து ஏற்றினோம். மனசுக்குள் கடிகாரம் ஓடுகிறது. கடைசி விளக்கை வைத்துக் கும்பிட்டுவிட்டுத்தான் உள்ளே வந்தாள்.

இன்றைக்குப் பொத்தானை முதலிலேயே அழுத்திவிட்டேன். அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன். உள்ளங்கையைக் கீழே அமர்த்தினால் 'பொறு'. விரலைச் சுழற்றினால் 'ஓட்டு'. எல்லாம் மில் பாஷை. அவள் விரல் சுழன்றபோதெல்லாம் கூப்பிட்டேன். உள்ளங்கை அமர்ந்தபோதெல்லாம் நிறுத்தினேன். வேறு யார் யாரையோ அவன் எடுத்தான். ஜப்பான், இத்தாலி. கூப்பிட்டேன், நிறுத்தினேன். "கொரல் மங்குது" என்றது அவள் உதடு.

சட்டென்று அவள் நிமிர்ந்தாள். உதடு மெதுவாக, பிசகாமல் அசைந்தது: "ஆஸ்கர். யாங்கி. வேற ஒண்ணுஞ் சொல்லல. ஆஸ்கர் யாங்கி."

லைசென்ஸில் எனக்குப் பெயராகக் கொடுத்திருக்கிற அழைப்புக்குறியின் கடைசி இரண்டு எழுத்து, ஓ, ஒய். அவனுக்குப் பாதிதான் கேட்டிருக்கிறது. நான் முழுதையும் நிதானமாக இரண்டு தடவை சொன்னேன்.

அவள் இரண்டு கையையும் தூக்கினாள். முதலில் ஐந்து விரல். பிறகு ஒன்பது.

ஃபைவ் நைன்.

"ஃபைவ் நைன், தேங்க்யூ, தேங்க்யூ வெரி மச்" என்றேன். மில்லில் முதல் போனஸ் வாங்கிய அன்றுகூட இத்தனை தடவை தேங்க்யூ சொன்னதில்லை. உலகம்மாள் எழுந்து நின்று ஏதோ சொன்னாள். இத்தனை வருஷம் உதடு படித்தவனுக்கே பிடிபடவில்லை, அவ்வளவு வேகம். அதன் பிறகு ஹெட்போனில் எதையோ கேட்டவள், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"என்ன சொன்னான்?"

"ஒண்ணுமில்ல. நன்றின்னான்." முகம் ஒரு மாதிரி இருந்தது. பொரி உருண்டை எடுக்கப் போய்விட்டாள்.

வெளியே வந்து பார்த்தேன். விளக்கு ஒன்றுகூட அணையவில்லை.

டிசம்பர் 11, வியாழன்

கருவி வந்துவிட்டது. மதுரையில் மாட்டிக்கொண்டு வெளியே வந்தேன். அடேயப்பா, என் சட்டையே சத்தம் போடுகிறது. எங்கள் தெருவில் இறங்கியதும் எதிர்வீட்டு நாய் குரைத்தது. அது சாதுவே இல்லை. மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன். சில்வண்டுகளும் உயிரோடுதான் இருக்கின்றன. மின்விசிறிக்கு எண்ணெய் போட வேண்டும். எத்தனை நாளாக இப்படிக் கீச்சிடுகிறது என்று கேட்டேன். "தீபாவளிக்கு முந்தின தீபாவளியிலிருந்து" என்றாள்.

சாயங்காலம் மைதீன் ஒரு ஒலிப்பதிவு அனுப்பினான். கார்த்திகை அன்று அவன் தன் கடையில் இரண்டு செட்டையும் போட்டு, தீவு ஒன்றில், நான் ஒன்றில் என்று எங்கள் பேச்சு முழுவதையும் பிடித்து வைத்திருக்கிறான். "காது வந்த பெறகு குடுக்கலாம்னு வச்சிருந்தேன் அண்ணாச்சி" என்றான்.

மாடியில் உட்கார்ந்து போட்டேன். நான் பேசிய தீவை முதல்முதலாகக் காதால் கேட்டேன். "ஆஸ்கர் யாங்கி?" என்று அவன் கேட்கிறான். கரகரப்பு, காற்று, கூடாரத் துணி படபடப்பு. என் குரல் அழைப்புக்குறியைச் சொல்கிறது. அவன் முழுதையும் திருப்பிச் சொல்கிறான், ஒரு எழுத்துப் பிசகாமல். ஃபைவ் நைன். நான் தேங்க்யூ தேங்க்யூ என்கிறேன்.

மைக்கில் பேசுகிற பொத்தானை விடாமலேயே பிடித்திருக்கிறேன் போல. அடுத்து வந்தது அவள் குரல். உதடு இல்லை, குரல். "ஏங்க! அவனுக்குக் கேட்டுருச்சுங்க! உங்களக் கேட்டுருச்சு!" மொட்டைமாடி அதிர, பென்குயின் வரைக்கும் போயிருக்கிறது. லைசென்ஸ் இல்லாத குரல், சட்டப்படி தப்பு.

ஒரு நொடி இரைச்சல். அதன்பின் தீவுக்காரன் சிரிக்கிறான். "அண்ட் ஃபைவ் நைன் டு தி லேடி" என்கிறான்.

வாயைப் பொத்திக்கொண்டு பொரி உருண்டை எடுக்க ஓடியது இதற்குத்தானா!

திரும்பப் போட்டேன். அப்புறமும் போட்டேன். கதவுக்கு முதுகைக் காட்டித்தான் உட்கார்ந்திருந்தேன்.

"ஏங்க, எத்தன தடவதான் அதையே கேப்பீங்க?"

அடுப்படியிலிருந்து சொன்னாள். கேட்டது.